பெட்டி செய்யப் பழக: வகுப்பா, ஆசாரியா, பால்கனியா?

வைட்ஃபீல்டில் இருக்கும் என் அத்தை மகன் போன மாதம் கூப்பிட்டான். "அக்கா, நீ செஞ்ச அஞ்சறைப் பெட்டி ஃபோட்டோவ அம்மா காட்டினாங்க. நானும் கத்துக்கணும். எங்க சேரலாம்?" ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. பெங்களூரில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. காசு கட்டிச் சேரும் வார இறுதி வகுப்பு இருக்கிறது, ஆசாரி கடை இருக்கிறது, வீட்டு பால்கனியும் யூட்யூபும் இருக்கவே இருக்கிறது. ரயில் ஏறினால் சென்னபட்டணா. இதில் சென்னபட்டணாவை வேடிக்கை மட்டும்தான் பார்த்தேன். மற்ற மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். சுட்டதைவிடக் கீறியது அதிகம்.

"என்ன பெட்டி?" என்று திருப்பிக் கேட்டேன். "பெட்டின்னா பெட்டிதானே" என்றான்.

அப்படி இல்லை. நாலு பலகையை மூலையில் கோத்துக் கட்டும் பெட்டி ஒரு வேலை. கடைசல் பிடித்து உருண்டையாக எடுக்கும் சிமிழ் வேறு வேலை. அஞ்சறைப் பெட்டி, கடைக்காரர் கல்லாப் பெட்டி, சாய்ந்த மூடி வைத்த கணக்குப்பிள்ளைப் பெட்டி, கேரளத்தில் நகை வைத்த நெட்டூர்ப் பெட்டி எல்லாம் கோத்துக் கட்டுகிற வகை. நெட்டூர்ப் பெட்டியின் மூடி வீட்டுக் கூரை மாதிரி நாலு பக்கமும் சரிந்து மேலே கூடும், அதற்குப் பித்தளைப் பட்டையும் பூணும் வேறு. அழகைப் பார்த்து மயங்கி அதிலேயே ஆரம்பிக்கிறேன் என்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டும். அந்தச் சரிவுகள் சந்திக்கும் கோணம் கை தேர்ந்தவரையே உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லும்.

சிமிழ்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சென்னபட்டணாவுக்குப் போகலாம். மைசூர் போகும் வழியில் 60 கிலோமீட்டர். பேர் பொம்மைக்குத்தான், புவிசார் குறியீடும் அதற்குத்தான். ஆனால் அதே கடைசலில் குங்குமச் சிமிழும் மூடி போட்ட டப்பாவும் எடுக்கிறார்கள். கன்னடத்தில் ஆலெ மரம் என்பார்கள், நம்மூரில் வெட்பாலை. வெளுப்பாக, நெருக்கமான நாரோடு, உளிக்கு அடங்கிப் போகும் மரம். அங்கே ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார், உரசும் சூட்டில் அரக்கு உருகிக் கட்டையில் ஏறிக்கொள்கிறது. பிறகு தாழை ஓலை ஒன்றை மடித்து வைத்து அழுத்தினார். மங்கிக் கிடந்த சிவப்பு சட்டென்று பளபளத்தது. பிரஷ் கிடையாது, காயவைக்கிற வேலையும் கிடையாது. கடைசியில் மூடியை வைத்தபோது உள்ளிருந்த காற்று மெல்ல வெளியேற, மூடி தானாக இறங்கி உட்கார்ந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கலைக்குக் கடைசல் இயந்திரம் வேண்டும். வாடகை ஃப்ளாட்டில் அதை எங்கே வைப்பது? மைசூரின் ஈட்டி மரப் பதிப்பு வேலையும் பெயர் பெற்றதுதான். அது பெட்டியின் முகத்தை அலங்கரிக்கிற கலை, பெட்டியைக் கட்டத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பாட்டி வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி" என்று அவன் சொன்னதால், இனி கோத்துக் கட்டும் பெட்டியைப் பற்றி மட்டும்.

வார இறுதி வகுப்பிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். நான் போனது ஊரின் வடக்கே ஒரு பெரிய ஷெட். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. எட்டுப் பேரில் ஆறு பேர் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைத் தொங்கவிடாத குறையாக வந்தவர்கள். ஆளுக்கொரு வேலை மேசை, தீட்டிய உளி, பல் மழுங்காத ரம்பம். இது பெரிய விஷயம். கூர்மையான உளி மரத்தில் எப்படி இறங்கும் என்று முதல் நாளே கைக்குத் தெரிந்துவிட்டால், பிறகு மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு "எனக்குக் கை வரலை" என்று நம்மை நாமே திட்டிக்கொள்ள மாட்டோம்.

அங்கே கற்றதில் தங்கிய விஷயம், பென்சிலை விட்டுக் கத்தியால் கோடு போடுவது. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுத்தோமா அந்தப் பக்கமா என்பதிலேயே மூலை இளகிவிடும். கத்தி போட்டது சின்னப் பள்ளம், உளி முனை அதில் தானாகப் போய் உட்காரும். அப்புறம் டவ்டெயில். புறாவின் வால் மாதிரி விரிந்த பற்கள் ஒரு பலகையில், அவற்றை வாங்கிக்கொள்ளும் பள்ளங்கள் மற்றதில். ஒரு திசையில் இழுத்தால் ஆணி இல்லாமலே பிரியாது. அந்தச் சரிவு மென்மையான மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று, சரிவு கூடிப் போனால் பல்லின் முனை உடைந்துவிடும். இப்படி "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்வார்கள். ஆசாரி கடையில் அது சுலபத்தில் கிடைக்காது.

குறை என்ன? பலகை மெஷினில் இழைத்து, சதுரம் பார்த்து, அளவாக வெட்டி நம் முன்னால் வந்து விழுகிறது. கோணல் பலகையை நேராக்குவதுதான் பாதி வேலை, அந்தப் பாதியை நமக்கு முன்னால் மெஷின் செய்து முடித்துவிடுகிறது. நாலாவது நாள் நேரம் போதவில்லை என்று அடிப்பலகைக்கான காடியை, அதாவது பலகையின் விளிம்பு சொருகிக்கொள்ளும் நீளப் பள்ளத்தை, எங்கள் எட்டுப் பேருக்கும் ரவுட்டர் மெஷினிலேயே ஓட்டிக் கொடுத்துவிட்டார்கள். "கையால் செய்த பெட்டி" என்று எழுதிய அட்டையோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து தனியாக இன்னொன்று செய்யலாம் என்று பலகை வாங்கினால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. கட்டணமும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் காசில் உளி செட், ரம்பம், இழைப்புளி மூன்றும் வந்து பலகைக்கும் மிச்சம் இருந்திருக்கும்.

பால்கனி வழி அதற்கு நேர் எதிர். செலவு குறைவு, நேரம் நம்முடையது, கேள்வி கேட்க ஆள் இல்லை. 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள் எல்லோரும் விழும் குழியில் நானும் விழுந்தேன். அந்த வீடியோக்காரர்கள் முன்னால் ஆளையே தூக்கி உட்காரவைக்கலாம் போன்ற மேசை இருக்கும், அதில் இடுக்கி, திருகு எல்லாம் இருக்கும். அது இல்லாமல் வேலை நடக்காது என்று நம்பி, முதல் மூன்று மாதம் பெட்டி செய்யவில்லை, மேசை செய்ய ப்ளான் போட்டுக்கொண்டிருந்தேன். நம் ஆசாரிகள் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, பலகையின் ஒரு முனையைச் சுவரோரக் கட்டையில் முட்டுக் கொடுத்து, மறுமுனையைக் காலால் அமுக்கித்தான் காலம் காலமாக இழைத்திருக்கிறார்கள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

இன்னொரு குழி, உளி. கடையில் புதிதாக வாங்கும் உளி தீட்டியே வராது. எஸ்ஜேபி ரோடில் வாங்கி வந்து நேராக மரத்தில் வைத்தேன். வெட்டவில்லை, நசுக்கியது. தீட்டுவதற்கு விலை உயர்ந்த கல் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரித் தாளை ஒட்டி, சொரசொரப்பிலிருந்து மெல்லியதற்கு வரிசையாகப் போனால் போதும். உளியின் தட்டையான பின்பக்கத்தை முதலில் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. பிறகு சரிவுப் பக்கம், 25 டிகிரியிலிருந்து 30க்குள். முன்கை முடியை மழித்துப் பார்ப்பார்கள் ஆண்கள். நான் நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பார்ப்பேன். வழுக்கினால் மொட்டை, பிடித்துக்கொண்டால் சரி.

சத்தமும் ஒரு பிரச்சினை. கொட்டாப்புளியால் உளியைத் தட்டும் சத்தம் மூன்று மாடி இறங்கும். அப்போது இருந்த அபார்ட்மென்டின் சங்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. கீழ் வீட்டில் நடு ராத்திரி வரை நடந்த பாட்டுக் கச்சேரிக்கு ஒன்றுகூட வரவில்லை. சரி, அது வேறு கதை.

பால்கனியில் நான் செய்த பெரிய பிழைக்கு அந்தச் சங்கம் பொறுப்பில்லை. திருவண்ணாமலையில் அரிசி மண்டியில் கணக்கு எழுதிய எங்கள் தாத்தாவின் கணக்குப்பிள்ளைப் பெட்டி என்னிடம் இருந்தது. தேக்கு, மூலைகளில் டவ்டெயில், சாய்ந்த மூடிக்கு அடியில் மைக்கூடு வைக்கும் குழி. தூக்கினால் அடிப்பலகை லேசாக ஆடும். "பழசாகி இளகிடுச்சு" என்று முடிவு செய்து, நல்ல செப்டம்பர் மழையில், காடி முழுக்க ஃபெவிகாலை ஊற்றி இறுக்கிக் கட்டினேன். ஆட்டம் நின்றது. பெருமையாக இருந்தது. மார்ச் மாதம் ஒரு மதியம் ஹாலில் 'டப்' என்று ஒரு சத்தம். அடிப்பலகை நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் ஸ்ரீராமபுரத்தில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். கடை இப்போது மகன் கையில், ப்ளைவுட்டில் அலமாரியும் கிச்சன் கபோர்டும் செய்கிறார்கள். பெரியவர் ஓரமாக உட்கார்ந்து கதவு பழுது, பூஜை மாடம் என்று ஏதாவது பார்ப்பார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காடியில் காய்ந்திருந்த ஃபெவிகாலை நகத்தால் சுரண்டினார். "பலகைக்கு மூச்சு விட இடம் வெச்சிருந்தாங்கம்மா. நீ கழுத்தப் புடிச்சிட்ட" என்றார்.

விஷயம் இதுதான். அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். நீளத்தில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். அகலத்தில் அசையும். தேக்கு இதில் நல்ல பிள்ளை, பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போதுகூட அகலத்தில் 6 சதவீதத்துக்குள்தான் சுருங்கும். ஆனாலும் ஒரு சாண் அகலப் பலகை பெங்களூரின் மழைக்கும் மார்ச் வெயிலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் போய் வரும். அதனால்தான் அடிப்பலகையைக் காடிக்குள் ஒட்டாமல் சும்மா சொருகிவிடுவார்கள். தாத்தாவின் பெட்டி ஆடியது இளகியதால் இல்லை, செய்தவர் அப்படித்தான் செய்திருந்தார். வகுப்பிலும் இதைச் சொல்லியிருப்பார்கள், வீடியோவிலும் எங்கேயாவது வந்திருக்கும். ஆனால் என் மண்டையில் ஏறியது பிளந்த பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தபோதுதான்.

ஆசாரியிடம் பழகுவது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும், நிறையப் பேர் குருகுலம் மாதிரி கற்பனை செய்துகொள்கிறார்கள். "கத்துக் குடுங்க" என்று கேட்டிருந்தால் அவர் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். முன்னால் இரண்டு பேர் வந்து அப்படிக் கேட்டதாகவும், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டதாகவும் பிறகு சொன்னார். நான் கெட்டுப்போன பெட்டியோடு போனேன். புது அடிப்பலகை போட வேண்டும், அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆகவே கோடு போட என்னைக் கூப்பிட்டார். அங்கே ஆரம்பித்து ஆறு மாதம், சனிக்கிழமை காலைகள்.

முதல் மாதம் முழுக்கத் தீட்டல்தான். நான் தீட்டிய உளியை வாங்கி, கட்டையின் முனையில், அதாவது நார் நிமிர்ந்து நிற்கும் பக்கத்தில், ஒரு சீவல் எடுப்பார். பொடியாக உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சுருளாக ஒன்று எழுந்து வந்த அன்றுதான் பலகையைத் தொட விட்டார்.

அளவு எல்லாம் நூலில். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். வகுப்பில் 12 மில்லிமீட்டர் என்று சொன்ன பலகை இங்கே 'நாலு நூல் பலகை', முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம். அவரைக் கேட்டால் "அது ஒரு சீவல்" என்பார். பலகையின் எந்த முகம் வெளியே வர வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து இழைத்தால் பிய்த்துக்கொண்டு வராது, நடுமரமான வைரம் எங்கே முடிந்து அதைச் சுற்றிய வெளிறு எங்கே ஆரம்பிக்கிறது, இதையெல்லாம் தடவிப் பார்த்தே சொல்வார். வெளிறைப் பெட்டியில் சேர்க்க விட மாட்டார், பூச்சி முதலில் அதைத்தான் தேடி வரும்.

மூடி செய்வதற்கு அவர் காட்டிய முறை எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஆறு பக்கமும் மூடிய ஒரே கட்டாகச் செய்து, பசை காய்ந்த பிறகு சுற்றிலும் கோடு போட்டு ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிடலாம். மேலே இருப்பது மூடி, கீழே இருப்பது பெட்டி, மரத்தின் ரேகை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: ரம்பம் போகும் இடத்தில் வரும் பல்லை மட்டும் ஒரு நூல் அகலமாக விட வேண்டும். இல்லையென்றால் அறுத்த பிறகு அந்தப் பல் மட்டும் சூம்பிப்போய்த் தெரியும்.

இனி இந்த வழியின் கஷ்டங்கள். நான் போன சனிக்கிழமைகளில் மூன்றில் ஒன்று வீண். கல்யாணம், சைட் வேலை, முட்டி வலி. நாம் திணறினால் பொறுக்காமல் "குடும்மா" என்று உளியைப் பிடுங்கித் தானே முடித்துவிடுவார். பார்க்க நன்றாக இருக்கும், நம் கைக்கு ஒன்றும் சேராது. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார். டீ வந்த பிறகு கேட்டால் சில சமயம் பதில் வரும். தெருவில் போகிறவர்கள் நின்று, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது?" என்று அவரிடம் கேட்பார்கள், என்னிடம் கேட்க மாட்டார்கள். சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். மரம் வாங்கிக் கொடுத்தும், தெரிந்தவர்கள் வீட்டுக் கதவு வேலைகளை அந்தக் கடைக்குத் திருப்பிவிட்டும் ஈடு செய்தேன். ஆயுத பூஜைக்குப் போயிருந்தபோது, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகப் படுத்திருந்த அவர் உளிகளின் கடைசியில் என் ஸ்டான்லி உளியும் இருந்தது. அன்றைக்கு யாரும் எதையும் தொடக் கூடாது.

இப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சிக்கல். பெங்களூரில் தச்சருக்குப் பஞ்சம் இல்லை. ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்கிறார்கள். ஆனால் கேட்பதெல்லாம் ப்ளைவுட், லேமினேட், அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? முழு மரத்தில் கோத்துக் கட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும் என்றால் பழைய மேசை நாற்காலி பழுது பார்க்கும் கடைகளிலும், மைசூர் ரோடு பக்கம் டிம்பர் யார்ட் லேஅவுட்டிலும் விசாரிக்கலாம். மொழி தடையாக இருக்காது. உளி கன்னடத்திலும் உளிதான்.

மரம் வாங்குவதும் அங்கேதான். பழகுவதற்குத் தேக்கில் கை வைக்க வேண்டாம். காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். கை வந்த பிறகு, இடித்த வீடுகளின் பழைய தேக்குச் சட்டங்களைத் தேடலாம். பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் அசைவு குறைவு. அறுப்பதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அத்தை மகனுக்குக் கடைசியில் என்ன சொன்னேன் என்றால், முழுப் பெட்டி வகுப்பு வேண்டாம், இணைப்புகளை மட்டும் சொல்லித்தரும் ஒரு நாள் வகுப்பு கிடைத்தால் போ. தீட்டவும் கத்திக் கோடு போடவும் தெரிந்தால் போதும், கட்டணத்துக்கு அதுவே ஈடு. அப்புறம் பால்கனியில் உட்கார்ந்து, சில்வர் ஓக் துண்டில் வாரத்துக்கு இரண்டு மூலை செய். பெட்டி வேண்டாம், மூலை மட்டும். பத்துப் பன்னிரண்டு மூலைக்குப் பிறகு, சின்னதாக ஒரு பெட்டி செய். அது கோணலாகத்தான் வரும், வரட்டும். அதை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போ. வெறும் கையோடு போனால் டீயோடு அனுப்பிவிடுவார். கெட்டுப்போன வேலையைக் கண்டால் மட்டும் அவர்களால் சும்மா உட்கார முடியாது. பொறுமை இல்லாத ஆளாக இருந்து, ஒரு பெட்டி மட்டும் கையில் வந்தால் போதும் என்று இருந்தால், அந்த நாலு நாள் வகுப்பே மேல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதுவாக இருந்தாலும் அஞ்சறைப் பெட்டியின் தடுப்புகளை மட்டும் ஒட்டிவிடாதே. பாதி பாதியாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சொருகி வை, கழற்றித் துடைக்கலாம். உள்ளே பாலிஷும் வேண்டாம். மஞ்சள் கறை படியும், படியட்டும்.

நேற்று ஃபோட்டோ அனுப்பியிருந்தான். ஆறாவது மூலை. ஒரு பல்லின் பக்கத்தில் பத்து ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி. "மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைச்சு அடைச்சுட்டா தெரியாது, இல்ல அக்கா?" என்று கீழே எழுதியிருந்தான். அடைக்காதே, உப்புத்தாளும் போடாதே, அடுத்த சனிக்கிழமை அப்படியே ஸ்ரீராமபுரத்துக்கு எடுத்து வா என்று பதில் போட்டேன்.